மூன்று தையலுக்குக் குறையாமல்

என் மச்சானின் முன்பற்கள் இரண்டை நான் உடைத்தது முழுக்க முழுக்கச் சட்டப்படி. சும்மா வாயால் அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், சான்றிதழ் இருக்கிறது. முத்திரை, கையெழுத்து, வரிசை எண் எல்லாம் உண்டு. கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். மாட்டாமல் இருந்தால் அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் லேத் பட்டறைக்காரன், வீட்டை ஒட்டியே பட்டறை. மச்சான் என் மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர், பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு குளம். குளம் என்றதும் படித்துறை, தாமரை என்று கற்பனையை அவிழ்த்துவிடாதீர்கள். இரண்டு லாரியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் குளம் முடிந்துவிடும். பதினோரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் தோண்டியது. மச்சானின் மனைவி இறந்த வருடம் அது. மனுஷன் வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கைக்கு ஏதாவது வேலை கொடுப்போமே என்று நான்தான் மண்வெட்டியை எடுத்தேன்.

அப்புறம் தண்ணீர் வந்தது, மீன் விட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அவருடைய கரையில், நான் என் கரையில், ஆளுக்கொரு தூண்டில். மச்சானுக்கு முகம் பார்த்துப் பேச வராது. தண்ணீரைப் பார்த்தால் பேச்சு வரும். வாரம் பூராவும் அவர் வாய் திறப்பது அந்த மூன்று மணி நேரம்தான். மீன் கிடைத்ததா இல்லையா என்று நாங்கள் கவலைப்பட்டதே கிடையாது. அந்தக் குளம் போனால் எனக்கு மச்சான் போனார், அவ்வளவுதான் விஷயம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் கொல்லைக் கதவை உதைத்துக்கொண்டு குளத்துறை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான ஆள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பின்னால் இரண்டு தடியர்கள். மச்சானின் தூண்டிலில் விரல் நீளத்தில் ஒரு கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது.

"யாரு பிடிச்சது?"

"நான்தான் சார்," என்றார் மச்சான்.

ஆய்வாளர் தூண்டில் கம்பை மரியாதையாகக் கேட்டு வாங்கினார். இரண்டு கையாலும் ஓங்கி, மச்சானின் முதுகிலேயே அடித்து உடைத்தார். அப்புறம் என் கம்பையும் கேட்டு வாங்கி, அதையும் மச்சானின் முதுகிலேயே உடைத்தார்.

"உன் முதுகுலதான் உடைச்சிருக்கணும்," என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். "ஆனா மீன் அவர் தூண்டில்ல இருந்துச்சு. எனக்கு யார் மேலயும் விருப்பு வெறுப்பு கிடையாது. இதுக்குப் பேரு எச்சரிக்கை. உரிமம் எங்கே?"

"சார், இது எங்க வீட்டுக் குளம்."

"எந்த வீட்டுக் குளம்?"

"ரெண்டு வீட்டுக்கும் பொதுவா..."

பொது என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆய்வாளர் இரண்டடி பின்னால் போனார். தடியர்கள் முன்னால் வந்தார்கள். நல்லவேளை, அவர்கள் உதைத்ததில் எனக்கு விலா எலும்பு ஒன்றுதான் விரிசல் கண்டது. கெண்டையைச் சாட்சியாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போனார்கள். ஜீப் கிளம்புவதற்குள் அது செத்துப்போயிற்று. காவலில் இறந்த சாட்சி என்பதால் அதற்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. அதிர்ச்சியால் மரணம், காரணம் குளத்துக்காரர்களின் அலட்சியம் என்று அறிக்கை வந்தது.

அடுத்த நாள் நாங்கள் இருவரும் உரிம அலுவலகத்துக்குப் போனோம். வரிசையைப் பார்த்ததும், எலும்பு முறிவு ஆஸ்பத்திரிக்குத் தவறி வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். ஒருவருக்குக் கையில் மாவுக்கட்டு, ஒருவருக்குத் தலையில் கட்டு, ஓர் அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். சுவரில் பெரிய எழுத்தில் 'வாயில்லா ஜீவன்களிடம் அன்பு காட்டுவோம்' என்று எழுதியிருந்தது. கவுண்ட்டருக்குப் பின்னால் கிளார்க். வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டில் பிளாஸ்டிக் மீன் ஒன்றை வைத்து, அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருட சர்வீஸில் உயிரோடு மீனைப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

"ரெண்டு வகை இருக்கு," என்றார் கிளார்க். "அக்கம்பக்கக் குளம், தனியார் குளம். அக்கம்பக்கக் குளத்துக்கு உரிமம் வேணும். தனியார் குளத்துக்கு வேண்டாம்."

"அப்போ அக்கம்பக்கக் குளத்துக்கே ஒரு உரிமம் குடுங்க சார்."

"படிவம் தீர்ந்துபோச்சு. அச்சடிக்கச் சொல்லி எழுதியிருக்கோம்."

"எப்போ எழுதினீங்க?"

"நான் எழுதலை. எனக்கு முன்னால இந்த நாற்காலியில இருந்தவர் எழுதினார். இப்போ அவர் இல்லை, காலமாயிட்டார்."

"அப்போ தனியார்னு போட்டுக்கோங்க," என்றேன்.

கிளார்க் சிரித்தார். ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். "'அண்டை வீட்டாருடன் பேச்சு, சிரிப்பு, பண்டம் பரிமாறுதல் ஆகிய எவையும் இல்லாதவரின் குளமே தனியார் குளம்.' முன்னெல்லாம் வாயால சொன்னா நம்பிக்கிட்டு இருந்தோம் சார். ஜனங்க ஏமாத்திட்டாங்க. சண்டைன்னு எழுதிக் குடுத்துட்டு சாயங்காலம் ஒண்ணா உக்காந்து தூண்டில் போட்டாங்க. எங்களுக்கு மனசே விட்டுப்போச்சு. அதான் இப்போ மருத்துவச் சான்று கேக்கறோம். பக்கத்து வீட்டுக்காரர் அடிச்ச காயம். மூணு தையலுக்குக் குறையாம."

"யாருக்குக் காயம்? எனக்கா, அவருக்கா?"

"ஒருத்தருக்கு மட்டும் இருந்தா அது அடிதடி, போலீஸ்காரங்க பாத்துப்பாங்க. ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான் பகை. பகை இருந்தாத்தான் தனியார். கடைசியில எழுந்து நிக்கறவர் பேருக்குக் குளம்."

"சார், இவர் என் மச்சான். பொண்டாட்டியோட அண்ணன்."

"அது உங்க துரதிர்ஷ்டம்," என்றார் கிளார்க், நிஜமான அனுதாபத்தோடு. "சொந்தக்காரங்கன்னா கூடுதலா ஒரு எலும்பு முறிவு கேப்போம். சொந்தத்தை நம்ப முடியாது பாருங்க, எப்போ வேணாலும் ராசியாயிடும்."

"முடியாதுன்னா?"

"பதினஞ்சு நாள். அப்புறம் கல்லு, மண்ணு கொட்டிக் குளத்தை மூடிடுவோம்."

"கல்லு எங்கேருந்து சார் கொண்டுவருவீங்க?" மச்சான் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"வெளியிலிருந்து எதுக்குக் கொண்டுவரணும்? பக்கத்துலயே ரெண்டு வீடு இருக்கே," என்றார் கிளார்க்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னோம். அவள் கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே மண்டையிடி என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு துடைப்பத்தை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"லேசா ஒண்ணு வைங்க. நாலு பேர் கண்ணுக்கு அடி மாதிரி தெரிஞ்சாப் போதும்."

மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டு துடைப்பக்கட்டையால் என் தலையில் தட்டினார். பிறகு நான் அவரைத் தட்டினேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது, என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். பதினோரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தெருமுனை டாக்டர், புடைப்புக்கெல்லாம் தையல் போட முடியாதய்யா என்று தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஆளுக்கொரு தையல் வாங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம்.

கிளார்க் கட்டை அவிழ்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"துடைப்பம். வீட்டுச் சாமான் பட்ட காயமெல்லாம் குடும்பத் தகராறுல போயிடும், குளத்துக்குச் செல்லாது. இங்க பாருங்க, அடி சாஞ்சு விழுந்திருக்கு. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருக்காரு. பாசம் சார் இது, பச்சையாத் தெரியுது. எங்களை என்ன கேனைன்னு நினைச்சீங்களா?"

"இல்ல சார், நிஜமாவே..."

"நிஜமா அடிச்சா எப்படி இருக்கும்னு காட்டறேன்," என்று சொல்லி என் தலைமுடியைப் பிடித்து, கவுண்ட்டர் விளிம்பில் மடார் என்று மோதினார். புருவம் கிழிந்து ரத்தம் படிவத்தின் மேல் கொட்டியது. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "இது நாலு தையல் தாங்கும்," என்றார், முடியை விடாமல். "ஆனா செல்லாது. நான் உங்க பக்கத்து வீட்டுக்காரன் இல்லையே. படிவத்தையும் அசிங்கப்படுத்திட்டீங்க, வேற வாங்கிக்கோங்க."

பிறகு எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு துடுப்பு கொடுத்தார். துறையின் முத்திரை குத்திய துடுப்பு, நான்கு அடி நீளம், கெட்டியான மரம். அங்கீகரிக்கப்பட்ட துடுப்பால், குளக்கரையில், ஆய்வாளர் முன்னிலையில், அலுவலக நேரத்தில் பட்ட காயம் மட்டுமே கணக்கில் வருமாம். எங்கள் ஊரில் எந்தக் குளத்திலும் படகு கிடையாது. துடுப்புக்கு மட்டும் தனிக் கிடங்கு இருந்தது.

பன்னிரண்டாவது நாள் காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். கரையில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, மடியில் படிவத்தை விரித்தார். என் மனைவி வாசல்படியில் நின்றாள். நாங்கள் துடுப்பை ஓங்கினோம்.

"நிறுத்துங்க. பேனா எழுதலை."

ஓங்கிய துடுப்போடு ஐந்து நிமிடம் நின்றோம். தடியர்களில் ஒருவன் பேனாவை உதறிக் கொடுத்தான். ஆய்வாளர் தலையசைத்தார். நான் மச்சானின் தோளில் ஒன்று போட்டேன், அவர் என் இடுப்பில் ஒன்று போட்டார். வலித்ததுதான். ஆனால் நான் ஓங்கும்போதெல்லாம் அவர் தோளை நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றார், எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

ஆய்வாளர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் எப்படி அடிக்கறதுன்னே தெரியலை. கை மட்டும்தான் அடிக்குது. மனசுல ஒண்ணுமில்லாம அடிச்சா விழாது. நான் எவ்ளோ பேரைப் பிரிச்சிருக்கேன் தெரியுமா? அண்ணன் தம்பி, அப்பா புள்ளை, முப்பது வருஷமா ஒரே தட்டுல சாப்பிட்ட சிநேகிதங்க. எல்லாரும் முதல்ல இப்படித்தான், நமக்குள்ள ஒண்ணுமே இல்லைம்பாங்க. தோண்டினா கெடைக்கும். கெடைக்காத ஆளை நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துலேருந்து ஆரம்பிங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க."

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

"நிச்சயத்தன்னிக்கு இவரு, என் தங்கச்சிக்கு இதைவிட நல்ல இடம் வந்துச்சுன்னு எங்க அப்பாகிட்டயே சொன்னாரு," என்றேன். விளையாட்டாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். குரல் வேறு மாதிரி வந்தது. "எங்க அப்பா சாகற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாரு."

"நல்லா இருக்கு," என்றார் ஆய்வாளர், எழுதிக்கொண்டே. "இப்போ நீங்க."

மச்சான் தண்ணீரைப் பார்த்தார். அவர் தண்ணீரைப் பார்த்தால் பேச்சு வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் மச்சான் என்று சொல்ல நினைத்தேன்.

"என் பொண்டாட்டி காலையில ஆறு மணிக்குப் போயிட்டா," என்றார். "நீ பட்டறையை மூடிட்டு வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. பக்கத்து வீடு மாப்ளே. பக்கத்து வீடு."

"அவசர வேலை, டெலிவரி இருந்துச்சு மச்சான்..."

"பத்து மணி நேரம். நான் அவகூடத் தனியா உக்காந்திருந்தேன், தங்கச்சியும் அன்னிக்கு ஊர்ல இல்லை. உன் மெஷின் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

பதினோரு வருடம் அதே தண்ணீருக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் அதைச் சொன்னதே இல்லை. எனக்கு முதலில் வந்தது வெட்கம். அது அடுத்த நொடியே கோபமாக மாறிவிட்டது. "இவ்ளோ நாள் மனசுல வச்சுக்கிட்டுத்தான் என்கூட உக்காந்திருந்தீங்களா?" என்று கத்திக்கொண்டே துடுப்பை வீசினேன். அது அவர் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் என் காலடியில் தெறித்தன. அவர் கண்ணை மூடவில்லை. அவருடைய துடுப்பு என் காதை இரண்டாகக் கிழித்து, தாடையில் இறங்கியது. நான் சேற்றில் விழுந்தேன். எழுந்தேன். அவர் மறுபடி ஓங்கினார், நான் அதற்கு முந்திக்கொண்டு அவருடைய வலது மணிக்கட்டில் முழு பலத்தோடு போட்டேன். பட்டறையில் எத்தனையோ சத்தம் கேட்டவன் நான். அந்த எலும்பு உடைந்த சத்தம் போல ஒன்றை இதுவரை கேட்டதில்லை.

அவர் முழங்கால் மடிந்து விழுந்தார். நான் நிறுத்தவில்லை என்று பின்னால் சொன்னார்கள். என் மனைவி வந்து என் கையைக் கடித்துத்தான் துடுப்பை விடுவித்தாளாம்.

"இதுதான்! இதுதான் தனியார்!" ஆய்வாளர் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். தடியர்களும் கைதட்டினார்கள். "பாத்தீங்களா, தோண்டினா கெடைக்கும்னு சொன்னேன்ல?"

எனக்குப் பதினாறு தையல். மச்சானுக்கு ஒன்பது தையல், ஓர் எலும்பு முறிவு. எழுந்து நின்றது நான் என்பதால் குளம் என் பேருக்கு வந்தது. மச்சானின் கரையை ஒட்டி முள்வேலி போட்டார்கள். மச்சானின் மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்தது. ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று டிப்போவில் அவரை வண்டி கழுவ விட்டுவிட்டார்கள்.

என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அண்ணனுக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோனாள். நான்காவது நாளே நோட்டீஸ் வந்தது: வேலி வழியாகப் பண்டம் பரிமாறுவது அக்கம்பக்கத்தன்மைக்கு வழிவகுக்கும். அவள் நேராக அலுவலகத்துக்குப் போய்க் கிளார்க்கிடம் சத்தம் போட்டாள். அவர் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி சொன்னார். "கையில குடுத்தாத்தான் தப்பும்மா. விட்டெறிஞ்சா அது தாக்குதல், தாராளமா செய்யலாம்." அன்றிலிருந்து அவள் தூக்குப் பாத்திரத்தை இறுக மூடி வேலிக்கு மேலே அண்ணனைப் பார்த்து வீசினாள். ஒருமுறை அது அவர் நெற்றியில் பட்டுக் கிழித்தது. ரோந்து வந்த தடியன் அதைப் பார்த்துவிட்டு, குடும்பமே ஒத்துழைக்கிறது என்று எழுதிக்கொண்டு போனான். மச்சான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவி, திருப்பி வீசினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என் கரையில் உட்கார்ந்தேன். உரிமம் தேவையில்லாத, முழுச் சொந்தமான, தனியார் குளம். எதிர்க்கரையில் வேலி. மூன்று மாதம் அப்படி உட்கார்ந்தேன். அந்தப் பத்து மணி நேரத்தை ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். டெலிவரியாவது மண்ணாவது! அன்றைக்கு எனக்குப் பயம், அவ்வளவுதான். சாவு வீட்டில் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு மெஷினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை அவரிடம் சொல்லாமல் என்னால் இனி இருக்க முடியாது என்று தோன்றியது.

அன்று முழங்கை நீளத்தில் ஒரு மீன் மாட்டியது. அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, தெரு வழியாகச் சுற்றிப் போய் மச்சான் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பெருசுதான்," என்றார்.

"மச்சான், அன்னிக்கு டெலிவரி எதுவும் இல்லை," என்றேன். "பயந்துக்கிட்டு வரலை. உங்க முகத்தைப் பாக்கப் பயமா இருந்துச்சு."

அவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது, பல் இல்லாத இடம் தெரிந்தது. ஏதோ சொல்ல வந்தார்.

"என்ன நடக்குது இங்கே?"

வாசல் கேட்டில் ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தார். விடுமுறை நாளில்தான் மனிதர்கள் ராசியாவார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே தெருவில் சுற்றுவது வழக்கம். பின்னால் தடியர்கள். "மீனைக் குடுக்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார். அப்புறம் மச்சானிடம், "நீங்க வாங்கறீங்களா?" என்றார். கையில் படிவம் தயாராக இருந்தது. என் பார்வை தன்னால் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கும் போனது.

எனக்கு முந்தி மச்சானுக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னை அடித்தார். கோணலாகச் சேர்ந்த அந்த வலது கையால், கன்னத்தில். என் மேல் ஓர் ஈ உட்கார்ந்த மாதிரிகூட இல்லை. அவர்தான் வலி தாங்காமல் அலறிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்தார். மீன் கீழே விழுந்தது. அடுத்த நொடியே தெரிந்துவிட்டது எனக்கு, இந்த மனுஷன் என்னைக் காப்பாற்றுகிறார் என்று.

ஆய்வாளர் கிட்டே வந்து என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சிவக்கக்கூட இல்லையே. இந்த அடி செல்லாது. அந்தக் கைதான் உடைஞ்ச கையாச்சே, அதால எதுக்கு அடிக்கறீங்க? இன்னொரு கையால அடிங்க."

மச்சான் அசையவில்லை. தடியர்களில் ஒருவன் ஜீப்பிலிருந்து கடப்பாரையை இறக்கும் சத்தம் கேட்டது.

"அடிங்க மச்சான்," என்றேன். "பரவாயில்லை, அடிங்க."

அவர் இடது கையை மடக்கினார். அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார், நான்தான் மூடிக்கொண்டேன். அந்த அடியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூக்கு உடைந்து, பின்மண்டை வாசல் தூணில் மோதி, நான் மீனுக்குப் பக்கத்தில் விழுந்தேன். கண் திறந்தபோது ஆய்வாளர் குனிந்து தையல்களை உத்தேசமாக எண்ணி எழுதிக்கொண்டிருந்தார். சான்றிதழின் இந்த வருடப் புதுப்பித்தல் இதிலேயே முடிந்துவிட்டது, அலுவலகத்துக்கு அலைய வேண்டாம் என்று என்னிடம் அன்பாகச் சொன்னார். அப்புறம் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"இவர் எதுக்கு அழறார்?" ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "இதை நான் எழுதணும்."

"கை வலிக்குது சார்," என்றார் மச்சான்.

"எந்தக் கை? உடைஞ்ச கையா?"

"இல்ல சார்," என்றார் மச்சான். "நல்ல கை."